மெனுவில் இல்லாத ஃபிலிம்

புதிதாக கேமரா வாங்கும் நண்பர்கள் இப்போதெல்லாம் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதில்லை. "எந்த ஃபிலிம் சிமுலேஷன் போட்டால் நம்ம வீட்டுப் பழைய ஆல்பம் மாதிரி வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். மெனுவைத் திறந்தால் ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா, கிளாசிக் குரோம், கிளாசிக் நெக் என்று பந்தியில் கூட்டு, பொரியல் வைத்த மாதிரி வரிசையாக இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

சுருக்கமான பதில்: அந்த ஆல்பம் அந்த மெனுவில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தப் பதிவு. எனக்குத் தொழில் வங்கி, படித்தது பி.காம். ரசாயனம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு நிறம் ஒரு ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்கப் போனால் பாதி ரசாயனம், மீதி இறக்குமதிக் கணக்கு. கணக்குப் பகுதியையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவேன் :-)

முதலில் இந்த மெனு. கேமராவின் சென்சார் பதிவு செய்வது வெறும் எண்கள். அந்த எண்களை எப்படி நிறமாக்குவது என்பதற்கு உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த நீலம் வந்தால் கொஞ்சம் கருநீலமாக்கு, இந்தச் சிவப்பு வந்தால் அடக்கு, நிழலை இவ்வளவு இருட்டாக்கு என்று. எக்ஸெல் ஷீட் மாதிரிதான். கேனான் 2005ல் பிக்சர் ஸ்டைல் என்றும், நிக்கான் 2007ல் பிக்சர் கண்ட்ரோல் என்றும் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபியூஜிஃபிலிம் மட்டும் தன் பழைய ஃபிலிம் டப்பாக்களின் பெயரையே வைத்தது. 1934ல் தொடங்கிய ஃபிலிம் கம்பெனி. அந்தப் பெயர்களுக்கு ஏற்கெனவே சந்தையில் மதிப்பு இருந்தது. எங்கள் பாஷையில் இதற்கு குட்வில் என்று பெயர்.

2011ல் விற்பனைக்கு வந்த எக்ஸ்100 கேமராவில் ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா மூன்றும் இருந்தன. 2014ல் கிளாசிக் குரோம் வந்தது. அது எந்த ஃபிலிமின் சாயல் என்று கம்பெனி பெயர் சொல்வதில்லை. போட்டோகிராபர்கள் கோடக்கின் கோடாக்குரோம் என்கிறார்கள். (1935ல் பிறந்து 2009ல் உற்பத்தி நின்றுபோன ஃபிலிம்.) 2016ல் கறுப்பு வெள்ளைக்கு அக்ராஸ், 2018ல் சினிமா ஃபிலிமின் சாயலில் எடர்னா, 2019ல் கிளாசிக் நெக், 2021ல் நோஸ்டால்ஜிக் நெக், 2023ல் ரியாலா ஏஸ். ஏக்கத்துக்கே ஒரு பட்டன் வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா மூன்றும் ஸ்லைடு ஃபிலிம்கள். பத்திரிகைக்கும் காலண்டருக்கும் எடுப்பவர்கள் வாங்கியவை. நம் வீட்டுக் காதுகுத்தையும் கல்யாணத்தையும் யாரும் ஸ்லைடில் எடுக்கவில்லை.

அப்படியென்றால் நம் பக்கம் என்ன ஃபிலிம் வந்தது?

எங்கள் ஊர் அமரவிளை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, நெய்யாற்றுப் பாலத்தை ஒட்டி. நாகர்கோவில் பஸ்சில் போனவர்களுக்கு "செக்போஸ்ட் இருக்குமே" என்றால் விளங்கும். 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்படி நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பள்ளிக்கூடம் மலையாளம், வீடு தமிழ், சினிமா இரண்டும்.

அந்த 1956ன் தொடக்கத்தில்தான் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் வந்தது. அலிபாபாவும் 40 திருடர்களும். ஃபிலிம் கேவாகலர். 1959ல் வீரபாண்டிய கட்டபொம்மனும் கேவாகலரில் எடுத்து, டெக்னிகலரில் பிரதி போட்ட படம். நம்மவர்கள் கலரை முதலில் பார்த்தது ஆல்பத்தில் அல்ல, கொட்டகையில்.

கேவாகலர் பெல்ஜியத்தின் கேவார்ட் கம்பெனிச் சரக்கு. ஆனால் அதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1936ல் ஆக்ஃபா கம்பெனி, வொல்ஃபன் என்ற ஊரில் இருந்த தன் ஆலையில், மூன்று நிறங்களுக்கான ரசாயனத்தையும் ஃபிலிமுக்குள்ளேயே வைக்கும் வித்தையைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும் நேச நாடுகள் ஆக்ஃபாவின் காப்புரிமைகளைப் பொதுச் சொத்தாக்கிவிட்டன. அந்த வழியில் கிளைத்தவைதான் பெல்ஜியத்தின் கேவாகலரும் இத்தாலியின் ஃபெரானியாகலரும். வொல்ஃபன் ஆலை சோவியத் வசமான பகுதியில் மாட்டிக்கொண்டு பிறகு கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலையானது. 1964ல் அதன் சரக்குக்கு ஓர்வோ என்று புதுப் பெயர். 'ஒரிஜினல் வொல்ஃபன்' என்பதன் சுருக்கம்.

இனி என் தொழில் பகுதி. அமெரிக்க ஈஸ்ட்மன்கலருக்கு டாலர் கொடுக்க வேண்டும். அன்று இந்தியாவில் டாலர் என்பது ரேஷன் சரக்கு. இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் ஒரு டப்பா வராது. கிழக்கு ஜெர்மனியோடு நமக்கு இருந்தது ரூபாய் வர்த்தக ஒப்பந்தம். அவர்கள் அனுப்பும் ஃபிலிமுக்கு நாம் ரூபாயில் கணக்கு வைப்போம். அந்த ரூபாயில் அவர்கள் நம்மிடம் சரக்கு வாங்கிக்கொள்வார்கள். அன்னியச் செலாவணிக்கு வேலையே இல்லை. 1970களிலும் 80களிலும் தமிழ், மலையாளப் படங்களின் டைட்டிலில் 'ஓர்வோ கலர்' என்ற எழுத்து அத்தனை முறை வந்ததற்கு இதுவும் முக்கியமான காரணம். 1964ல் காதலிக்க நேரமில்லை, 1965ல் செம்மீன் என்று ஈஸ்ட்மன்கலர் படங்கள் வந்தபடிதான் இருந்தன. ஆனால் கையைக் கடிக்கும் செலவு. அந்தக் காலத்துப் படங்களின் நிறம் அழகுணர்ச்சியால் மட்டும் முடிவானதல்ல, பேலன்ஸ் ஷீட்டாலும் முடிவானது.

ஸ்டில் போட்டோவில் எங்கள் பக்கம் வெகுகாலம் கறுப்பு வெள்ளைதான். அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆலை இருந்தது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். பிரெஞ்சு கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. குளிரும் தூசியில்லாத காற்றும் ஃபிலிமுக்குத் தேவை என்பதால் ஊட்டி. 'இந்து' என்று பெயர் போட்டு வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் ஸ்டூடியோக்களுக்கும், எக்ஸ்ரே ஃபிலிம் ஆஸ்பத்திரிகளுக்கும் போயின. ஆலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். 1990களில் நலிந்த நிறுவனமானது, பிறகு மூடியும் போனது. எத்தனையோ குடும்பங்களின் கறுப்பு வெள்ளை முகங்கள் அங்கே பூசிய வெள்ளி உப்பில் பதிந்தவை. மெனுவில் அக்ராஸ் உண்டு, இந்து கிடையாது.

கலர் போட்டோ எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்தது வளைகுடா வழியாக. கோடக் 1972ல் சி-41 என்ற கழுவும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் அதையே பின்பற்றின. லீவில் ஊருக்கு வரும் மாமன்மார் பெட்டியில் யார்ட்லி பவுடரோடு யாஷிகா கேமராவும் சகுரா ஃபிலிமும் இருக்கும். (சகுராதான் 1987க்குப் பிறகு கோனிகா.) 90களில் நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் எங்கும் கோனிகா, கோடக், ஃபியூஜி போர்டு போட்ட கலர் லேப்கள்.

இந்த ஃபிலிம்கள் நெகட்டிவ். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறம்தான் தெரியும். இறுதி நிறத்தை முடிவு செய்தது பிரிண்ட் போட்ட தாளும், அன்றைய கெமிக்கலும், மெஷினில் உட்கார்ந்திருந்தவரும். ஒரே நெகட்டிவை நாகர்கோவிலில் கழுவினால் ஒரு நிறம், திருவனந்தபுரத்தில் கொடுத்தால் வேறு நிறம். எங்கள் ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டும் இருக்கின்றன. இதில் எதை 'ஃபிலிம் லுக்' என்பது?

இதற்கு மேல் காலம் வேறு தன் கைவரிசையைக் காட்டிவிட்டது. கலர் பிரிண்டில் இருப்பது மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற மூன்று சாயங்கள். 1970களின் தாள்களில் பலவற்றில் சயான் சாயம் பலவீனம். ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்தாலும் வெளிறும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் இடவப்பாதி மழையில் பீரோவுக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்ட்மன்கலர் சினிமாப் பிரதிகள் செம்பு நிறமாகிப் போனதும் இதே நோயால்தான். 1980களின் நடுவில்தான் மேம்பட்ட தாள்கள் வந்தன. ஹென்றி வில்ஹெல்ம் என்பவர் 1993ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

1978ல் நடந்த என் பெற்றோர் கல்யாணத்தில் கறுப்பு வெள்ளை ஆல்பம் தவிர ஐந்தே ஐந்து கலர் பிரிண்ட்கள். மாமா கொண்டுவந்த ஃபிலிம். அதில் அம்மையின் பட்டுச்சேலை காவிக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறம். அம்மை சொல்வது இலைப்பச்சை. சேலை டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது, இலைப்பச்சைதான். பச்சை என்பது மஞ்சளும் சயானும் சேர்ந்தது. சயான் போனால் மஞ்சளும் மெஜந்தாவும்தான் மிச்சம்.

போன லீவில் அந்தச் சேலையைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் படமெடுத்துக்கொண்டேன். ஸ்கேன் செய்த பிரிண்டில் சேலை அதே பச்சைக்கு வரும்வரை சயானைக் கூட்டினேன். சேலை பச்சையானபோது பக்கத்தில் நின்ற அப்பாவின் முகமும் மாறியது. செங்கல் நிறத்தில் இருந்த முகம் நல்ல கறுப்புக்கு வந்தது. அப்பா கறுப்பு. அவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. என் பிள்ளைகள் அவரைப் படத்தில் மட்டுமே அறிவார்கள். அவர்கள் இத்தனை நாள் தாத்தா என்று பார்த்துக்கொண்டிருந்தது வெளிறிய சாயத்தை.

முகத்தின் நிறம் என்றதும் இன்னொரு வரலாறும் சொல்லியாக வேண்டும். லேப் மெஷின்களைச் சரிபார்க்க கோடக் அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷர்லி கார்டு என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுத்த முகம் எப்படி வருகிறது என்பது வெகுகாலம் கணக்கிலேயே இல்லை. கனடாவின் லோர்னா ராத் என்ற ஆய்வாளர் 2009ல் இதை விரிவாக எழுதினார். மரச்சாமான், சாக்லேட் கம்பெனிகள் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று புகார் செய்ததும் ஃபிலிமைத் திருத்தக் காரணமானது என்கிறார். நம்மைவிட மேசைக்கும் நாற்காலிக்கும் வாடிக்கையாளர் பலம் அதிகம்.

நம் ஊரிலும் லேப்காரர் கறுத்த முகத்தை ஒரு படி வெளுப்பாக்கிக் கொடுப்பார். வாங்குகிறவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். அதையும் சேர்த்துத்தான் நாம் 'பழைய ஆல்பத்து நிறம்' என்று ஏங்குகிறோம்.

சரி, கடைசியில் எந்தப் பட்டனை அழுத்துவது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

லேப் பிரிண்டின் சாயல் வேண்டுமென்றால் கிளாசிக் நெக். அது ஃபியூஜியின் சுப்பீரியா நெகட்டிவ் ஃபிலிமை ஒட்டியது. நம் ஆல்பத்துக்கு மெனுவில் உள்ள கிட்டத்துச் சொந்தம் அதுதான். ஆனால் நிழல் அழுத்தமாக விழும், வெளிச்சத்தை முகத்துக்கு அளவெடுங்கள். வீட்டு மனிதர்களுக்கு நான் வைப்பது ப்ரோ நெக் ஸ்டாண்டர்ட். புதிய கேமரா என்றால் ரியாலா ஏஸ். பழுப்பும் கறுப்பும் அதனதன் நிறத்தில் நிற்கின்றன. வெல்வியா மலைக்கும் கடலுக்கும் சரி. நம் முகத்தில் போட்டால் செங்கல். கிளாசிக் குரோம் தெருவுக்கு அழகு. கறுத்த முகத்தில் சில சமயம் சாம்பல் பூசும்.

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வைத்துப் பாருங்கள். சாதாரண ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்கு, சுமார் 5500 கெல்வினுக்கு, செய்யப்பட்டது. டியூப் லைட்டில் பச்சையடித்ததும் குண்டு பல்பில் மஞ்சளடித்ததும் அதனால்தான். பாதி 'ஃபிலிம் லுக்' அங்கேயே வந்துவிடும்.

எதைப் போட்டாலும் ஜேபெக்கோடு ரா ஃபைலையும் சேர்த்து வையுங்கள். ஃபியூஜியில் பிறகு கேமராவுக்குள்ளேயே வேறு சிமுலேஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளிறிய மாதிரி, செம்பேறிய மாதிரி வேண்டுமென்றால் ஒரு பிரதியில் செய்துகொள்ளுங்கள், அசலில் வேண்டாம். ஊரில் நெகட்டிவ் கிடைத்தால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் சேலையோ, துண்டோ, கதவின் பெயின்ட்டோ, படத்தில் இருந்து இன்னும் மிச்சமிருக்கும் பொருள் ஒன்றைத் தேடுங்கள். எந்த மெனுவையும்விட அது நம்பகமான சாட்சி.

அன்று நம் அப்பா அம்மாவுக்குத் தேர்வு இருக்கவில்லை. லைசென்ஸில் எது வந்ததோ, மாமா எதைக் கொண்டுவந்தாரோ, லேப்காரர் எப்படிப் போட்டாரோ, அதுதான் அவர்கள் நிறம். நமக்குத் தேர்வு இருக்கிறது. நம் பிள்ளைகளின் முகம் இன்று என்ன நிறமோ, அதே நிறத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்.