முதலாளி: ஒரு சொல்லின் வரலாறு

கொட்டியாரக் குடாவை அடுத்த கிண்ணியாவில், வள்ளமும் வலையும் உடையவரை 'முதலாளி' என அழைப்பது வழக்கு. தம் பொருளைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையிற் காத்திருப்பவர் அவர். பொருளைப் பணயம் வைப்பாருக்கு இப்பெயர் அமைந்தவாற்றை ஈண்டு ஆராய்வோம்.

'முதல்' என்பது தொடக்கம், வேர் ஆகிய பொருள்களோடு வாணிகத்தில் இட்ட பொருளையும் குறிக்கும். 'ஆளி' என்பதை ஆளுதலோடு இயைத்து, முதலாளி பிறரை ஆள்பவன் என்பாருமுளர். 'கடனாளி' என்னும் சொல் இதனை மறுக்கும். கடனாளி கடனை ஆள்பவன் அல்லன், கடனை உடையவன். எனவே முதலாளி என்பான் முதலை உடையவன் என்பதே பொருந்தும். ஈழத்தில் சிங்கள மக்களும் இச்சொல்லைத் தமிழினின்று ஏற்று, வணிகரைச் சுட்ட வழங்குகின்றனர்.

திருக்குறளிலேயே 'முதல்' இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. வரவிருக்கும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்கிறது 463ஆம் குறள். முதலில்லாதார்க்கு ஊதியமில்லை என்கிறது 449ஆம் குறள். ஆண்டு 'ஊதியம்' என்பது இலாபம். இன்றோ அச்சொல் உழைப்பவன் பெறும் கூலியைக் குறிக்கின்றது. முதலிட்டவனுக்குரிய சொல் தொழிலாளியிடம் வந்து சேர்ந்தது. ஆனால் இலாபம் அதனுடன் வரவில்லை.

மேனாட்டில் ரிச்சர்ட் காந்தில்லோன் என்பாரின் பொருளியல் நூல் 1755இல் வெளிவந்தது. உறுதியான விலைக்கு வாங்கி, உறுதியற்ற விலைக்கு விற்பவனே முயற்சியாளன் என்பது அவர் கொள்கை. அவ்விலக்கணத்தில் முதன்மை பெறுவது உடைமையன்று, துணிவு. நம் சொல்லோ உடைமையை மட்டுமே சுட்டி நிற்கின்றது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண ஆராய்ச்சியன்று. கரைவலைத் தொழிலில் செலவு நீக்கி எஞ்சியதைப் பங்கிடுவது வழக்கம். மீன் படாத நாளில் முதலாளிக்குச் செலவு நட்டம்; வலை இழுத்தவனுக்கு அன்றைய உணவே நட்டம். 2004 திசெம்பர் 26இல் கிண்ணியாவைத் தாக்கிய ஆழிப்பேரலை வள்ளங்களையும் வலைகளையும் மட்டுமா கொண்டுபோயிற்று? உயிர்களையும் கொண்டுபோயிற்று.

பொருளைப் பணயம் வைப்பவனுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. உயிரைப் பணயம் வைத்துக் கடலேறுபவனை நாம் 'தொழிலாளி' என்கிறோம். அப்பெயரில் அவன் துணிவைக் காட்டும் எழுத்து ஒன்றேனும் இல்லை. சொல்லாராய்ச்சி இக்குறையையும் நோக்குதல் வேண்டும்.