தண்ணீர்த் தாங்கியில் வளர்ந்த நூல்நிலையம்

சிக்காகோ என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவது 1893 ஆம் ஆண்டிற் கூடிய சர்வமத மகாசபையே. அவ்வாண்டு செப்தெம்பர் 11 ஆந் திகதி சுவாமி விவேகானந்தர் பேசிய கட்டடம், மிச்சிகன் அவெனியூவிலே சித்திரக்கலைக் கூடமாக இன்றும் விளங்குகின்றது. அவ்வீதி வழியே வடக்கு நோக்கிச் சற்று நடந்தால், அதே கட்டடக்கலைஞர் வகுத்த பிறிதொரு மாளிகையைக் காணலாம். பொதுசன நூல்நிலையமாக எழுந்தது அது. அதன் வரலாற்றை நம்மிற் பலர் அறியார்; வாலிபராகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

1871 ஒக்தோபர் 8 ஆந் திகதி இரவு மூண்ட பெருந்தீ மூன்றாம் நாள்வரை அந்நகரை உண்டது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 17,000 இற்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மூன்று இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊரிலே ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். நீதிமன்றமும் நகர மண்டபமும் ஒருங்கே அமைந்திருந்த மாளிகையும் எரிந்து வீழ்ந்தது. 1869 இற் கல்லாற் கட்டிய நீர்க்கோபுரம் தப்பியது. ஆயின், அருகிருந்த நீரேற்று நிலையத்தின் கூரை எரிந்து இயந்திரங்கள் நின்றுபோனமையால் தீயணைப்போர்க்கு நீர் கிட்டவில்லை. கோபுரம் நின்றும் பயன் என்னை!

இச்செய்தி கேட்ட இங்கிலாந்து மக்கள் நூல்களைத் திரட்டி அனுப்ப முன்வந்தனர். பேர்ஜெஸ் என்பார் யோசனை கூற, ‘ரொம் பிறவுணின் பள்ளி நாட்கள்’ எழுதிய தோமஸ் ஹியூஸ் முன்னின்று உழைத்தார். விக்ரோறியா மகாராணியார், டிஸ்றேலி, தெனிசன், றஸ்கின் முதலியோர் நூல் வழங்கினர். மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்ற நமக்கு இப்பெயர்கள் புதியனவல்ல. ஏறத்தாழ 8,000 நூல்கள் சேர்ந்தன. எரிந்துபோன பொதுசன நூல்நிலையத்துக்கு ஈடாகவே கொடுக்கிறோம் என்று கொடுத்தோரிற் பலர் எண்ணினர். உண்மையில் அந்நகரிலே அப்படியொன்று இருந்ததேயில்லை! 1841 இல் வாலிபர் சங்கமொன்று தொடங்கிய நூல்நிலையமே தீயில் அழிந்தது; அது சந்தா செலுத்தியவர்க்கு உரியது.

வந்த நூல்களை யாரிடம் ஒப்படைப்பது? அவற்றைப் பேணப் பணம் எங்கே? மாநகர முதல்வர் மெடில் 1872 ஜனவரியிலே நகரத்தாரைக் கூட்டினார். அவ்வாண்டு மார்ச்சிலே, நூல்நிலையத்துக்கென நகரங்கள் வரி விதிக்கலாம் என்ற சட்டம் இல்லினோய் மாநிலத்தில் நிறைவேறியது. நம் எண்ணத்தில், கடல் கடந்து வந்த நூல்களினும் பெரிய கொடை இச்சட்டமே. பெட்டியிலே வந்த நூல்கள் கிழிந்துபோகும். ஆண்டுதோறும் வரும் வரிப்பணமோ புது நூல்களை வாங்கித் தரும். ஏழையும் செல்வனும் ஒரே மேசையில் இருந்து படிக்கலாம்.

இனி, இடம்? லசால் வீதியும் அடாம்ஸ் வீதியும் கூடுமிடத்திலே 58 அடி விட்டமுள்ள பழைய இரும்புத் தண்ணீர்த் தாங்கியொன்று கிடந்தது. தீக்கு அஞ்சியிருந்த ஊரார்க்கு இரும்பறையினும் உகந்தது வேறேது? அதன் சுற்றுச்சுவரிலே தட்டுகளை அமைத்து நூல்களை அடுக்கினர். 1873 ஜனவரி 1 ஆந் திகதி நூல்நிலையம் திறக்கப்பட்டது.

பின்னர் இடம் மாறி இடம் மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தபின், 1897 ஒக்தோபரிலே மிச்சிகன் அவெனியூ மாளிகையை அடைந்தது. (விவேகானந்தர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பேசியதும் அவ்வாண்டிலேயாம்.) அங்கே 38 அடி விட்டமுள்ள வண்ணக் கண்ணாடிக் கவிமாடமொன்று உண்டு. அதன் கீழேதான் இரவல் நூல் வழங்கும் கருமபீடம் இருந்தது. அரசர் கொலுவிருக்கத்தக்க மண்டபத்திலே கடைச் சிப்பந்தியும் நூல் பெற்றுச் சென்றான்.

1970 களிலே இதனையும் இடிக்க ஒரு யோசனை எழுந்தது, முதல்வரின் துணைவியார் எலினர் டேலி முதலானோர் எதிர்த்தனர், மாளிகை தப்பியது. 1991 இல் நூல்நிலையத்துக்கு வேறு பெருங் கட்டடம் திறக்கப்பட்டு, நகரின் முதற் கறுப்பின முதல்வரான ஹரல்ட் வொஷிங்ரனின் பெயரைப் பெற்றது. பழைய மாளிகை இப்போது பண்பாட்டு நிலையம். உள்ளே செல்லக் கட்டணமில்லை.