வரவுக்கேற்ற செலவும் ஆட்டத்தின் நீதியும்

நீர்கொழும்பைக் கடந்து சிலாபத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த கரையோரப் பட்டினம் வென்னப்புவ. 2021ஆம் ஆண்டில் இலங்கையின் தொழில்முறை உதைபந்தாட்டத் தொடராகச் சுப்பர் லீக் தொடங்கப்பெற்றபோது, அதிற் பங்குகொண்ட பத்துக் கழகங்களுள் இவ்வூரின் நியூ யங்ஸ் கழகமும் ஒன்றாக விளங்கியது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளும் முறையே டிபெண்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் என்னும் பெயர்களுடன் அதே தொடரில் ஆடின. ஊர்க்கழகமும் அரச படையின் அணியும் ஒரே களத்தில் எதிர்நிற்கையில், இரண்டுக்கும் பொதுவான நீதியான செலவு விதி எதுவாதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காணுமுன், பிறநாட்டார் இயற்றிய விதிகளின் வரலாற்றை நோக்குதல் தகும்.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1885இல் ஊதியம் பெற்று ஆடுதலை அனுமதித்தது. செல்வம் மிக்க கழகங்கள் சிறந்த வீரரையெல்லாம் ஈர்த்துக்கொள்ளும் என்ற அச்சம் பின்னர் எழுந்தது. 1901இல் வாரத்துக்கு 4 பவுண் என்னும் உச்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. கழகங்களிடையே சமநிலை பேணும் நோக்கம் அவ்விதிக்கு இருந்தது உண்மையே. எனினும் அதன் சுமையைத் தாங்கியவர் ஆட்டக்காரரே. பல்லாயிரவர் கட்டணம் செலுத்திக் கண்ட ஆட்டத்தின் வருவாயில் அவர்களுக்குரிய பங்கு கிட்டவில்லை. வீரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக, உச்ச ஊதியம் 20 பவுணாக இருந்த வேளையில், 1961இல் அவ்விதி நீக்கப்பட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம் வேறொரு வழியை நாடியது. 2010இல் அது ஏற்றுக்கொண்ட விதிகளின் சாரம், கழகமொன்று தன் வருவாய்க்கு மிஞ்சிச் செலவிடலாகாது என்பதாகும். 2022இல் இயற்றப்பட்ட புதிய விதிகள், வீரர் ஊதியம் முதலிய அணிச்செலவுகளை வருவாயின் 70 வீதத்துக்குள் படிப்படியாகக் கொணரப் பணித்தன. இத்தகைய கட்டுப்பாட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1885இல் தோன்றிய பெரி என்னும் இங்கிலாந்துக் கழகம், நிதி நெருக்கடியால் 2019இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டமை யாவரும் அறிந்த துயர வரலாறாகும்.

ஆயினும் அழிவைத் தடுத்தல் வேறு. நீதி வழங்குதல் வேறு. 70 வீத விதியின்படி, 100 மில்லியன் வருவாயுடைய கழகம் 70 மில்லியன் செலவிடலாம். 10 மில்லியன் வருவாயுடையது 7 மில்லியனே செலவிடலாம். இரண்டும் ஒரே விதிக்கு அடங்கியவையே. எனினும் பத்து மடங்கு இடைவெளி அவ்வாறே நிலைபெறுகின்றது. நேற்றைய வெற்றி இன்றைய வருவாயாகவும், இன்றைய வருவாய் நாளைய வெற்றியாகவும் மாறுகின்றன. வேறுவகை ஆட்டமாயினும், அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக் 1994 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே தொகையை ஊதிய உச்சவரம்பாக விதித்தது. தேசிய ஒளிபரப்பு வருவாயை அணிகள் சமமாகப் பகிர்ந்துகொள்வதும் இங்கு கருதற்பாலது. வரவைப் பகிராது செலவை மட்டும் கட்டுப்படுத்துவது அரைநீதியே எனலாம்.

இனி வென்னப்புவவுக்கு மீள்வோம். படையணியின் வீரர் பொதுவாகப் படைச்சேவையிற் சேர்க்கப்பட்டவர். அவருடைய சம்பளமும் உறைவிடமும் ஓய்வூதிய உரிமையும் அரச நிதியைச் சார்ந்தவை. கழகக் கணக்கேட்டில் அவை செலவாக இடம்பெற வேண்டியதில்லை. ஊர்க்கழகமோ தன் செலவுக்கு நலன்விரும்பிகளையும் வணிகரையும் நாடவேண்டியுள்ளது. ஊர்க்கழகத்திற் பயின்ற இளைஞன் நிலையான வாழ்வை எண்ணிப் படையணியை நாடுவானாயின், அவனைக் குறைகூறுதல் தகாது. 2021ஆம் ஆண்டின் பட்டத்தை வென்றது படையணியன்று, களுத்துறையின் புளூ ஸ்டார் கழகமே என்பதையும் மறத்தலாகாது; வசதி வெற்றியை உறுதிசெய்வதில்லை. ஆயினும் ஐரோப்பிய விதியை இங்கு அவ்வண்ணமே பெயர்த்து நடுவோமாயின், ஊர்க்கழகத்தின் செலவு எண்ணப்படும். படையணியின் பெருஞ்செலவு எண்ணப்படாதொழியும். ஆகவே எவர் எவ்வளவு செலவிடலாம் என விதிக்குமுன், எதைச் செலவென எண்ணுவது என்பதை வரையறுத்தல் இன்றியமையாதது.

இதற்கு வழிகாட்டியை ஐரோப்பாவில் மட்டும் தேடவேண்டியதில்லை. இம்மாவட்டத்தின் உடப்பு முதலிய ஊர்கள் கரைவலைத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஒரே பாட்டிற் பல வலைகள் இழுக்கப்படுமிடத்து, முறை வைத்து வலை வளைத்தல் அத்தொழிலின் பழைய ஏற்பாடாகும். செல்வம் மிக்க சம்மாட்டியும் தன் முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். முறை கடலைப் பகிர்கின்றதேயன்றி மீனைப் பகிர்வதில்லை. பிடிபடும் மீன் அவரவர் உழைப்பையும் கடலின் போக்கையும் பொறுத்தது. உதைபந்தாட்டத்துக்கு விதி செய்வோரும் இவ்வளவையே நாடுதல் சாலும். வெற்றியைச் சமமாக்குதல் விதியின் கடனன்று; களத்தில் இறங்கும் வாய்ப்பைச் சமமாக்குதலே அதன் கடனாகும்.