காந்தத்தில் ஒட்டாத காசு

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நடந்து பாருங்கள். அது வாயை மூடவே மூடாது. ஆணி, போல்ட், வலையில் கட்டும் ஈயக்குண்டு, படகு எஞ்சினின் உடைசல், பீர் பாட்டில் மூடி, எந்தக் காலத்திலோ அறுந்து விழுந்த சங்கிலி. வெளிநாட்டு வீடியோக்களில் ஒருவர் புல்வெளியில் நடப்பார், ஒரு 'பீப்' கேட்கும், குனிந்து ரோமானியக் காசு எடுப்பார். நம்ம ஊரில் குனிந்தால் நிமிர முடியாது, அவ்வளவுதான்.

இந்தக் கருவியின் முதல் பெரிய தோல்வியும் இதே காரணத்தால்தான் என்று சொல்வார்கள். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் புகழ் கிரகாம் பெல் ஒரு கம்பிச்சுருள் கருவியைச் செய்து எடுத்து வந்தார். தோதாகச் சோதித்தபோதெல்லாம் வேலை செய்த கருவி அதிபரின் படுக்கையில் குழம்பியது. மெத்தைக்குள் இரும்பு ஸ்பிரிங் இருந்தது ஒரு காரணம். மருத்துவர் ஒரு பக்கம் மட்டுமே தேட அனுமதித்தது இன்னொன்று. குண்டு கிடைக்கவில்லை, கார்ஃபீல்டும் பிழைக்கவில்லை. வடசென்னை மொத்தமுமே அந்த ஸ்பிரிங் மெத்தைதான்.

தத்துவம் எளிது. ஒரு கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, பதிலுக்கு ஒரு சின்னக் காந்தப்புலம் திரும்பி வரும். அது எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்து இரும்பா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. ஊகம்தான், அதை மறந்துவிடக் கூடாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு கிளாஸிஃபையர், ராயபுரம் மண் அதற்குக் கொடுக்கும் டேட்டாவில் முக்கால்வாசி இரைச்சல். உப்புநீர் ஒரு பக்கம் குழப்பும், கடற்கரையின் கருமணல் இன்னொரு பக்கம் குழப்பும்.

இரைச்சலைக்கூட வடிகட்டிவிடலாம். மண் இடம் மாறியதை எப்படி வடிகட்டுவது? 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் அதில் முட்டித் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. மணல் வராத வடக்கில் கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பழைய கரை இன்று கடலுக்குள். அதைத் தடுக்கக் கொட்டிய கல் வேறெங்கோ மலையை உடைத்து எடுத்தது. ஆக, இங்கே ஒரு காசு கிடைத்தால், அது இங்கேதான் தொலைந்ததா, லாரியில் வந்ததா, அலையில் வந்ததா? காசு பதில் சொல்லாது.

ஆனாலும் இந்தப் பக்கம் புதைந்திருக்கக்கூடிய ஒரு சரித்திரம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. சுமார் அரை மணி நேரம், ஏறத்தாழ 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது, உயிர்ச்சேதமும் உண்டு. சேதத்தைவிட பீதி பெரிது. ஜனங்கள் ரயில் ஏறி ஊரைக் காலிசெய்தார்கள். "அவன் பெரிய எம்டன்டா" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன் இதுதான். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எரிந்த தொட்டிகளின் பக்கம் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள ஒரு பொருளுக்கு 100 வயதானால் அது தொல்பொருள். அப்படிப் பார்த்தால் 2014 செப்டம்பர் வரை பழைய இரும்பாக இருந்த எம்டன் சிதறல், ஒரே ராத்திரியில் தொல்பொருளாகிவிட்டது. (வெடிக்காத குண்டு ஏதாவது கண்ணில் பட்டால் வயதைக் கணக்கு பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், 100-க்கு அடியுங்கள்.)

எம்டன் சென்னையில் விட்டுப்போனது இரும்பு. அதனிடம் வெள்ளியும் இருந்தது. அது சீனக் கடற்கரையில் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கப்பல், அந்த வட்டார வணிகத்தில் புழங்கியது மெக்சிகோ வெள்ளி டாலர். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து வீழ்த்தியது. சிதைவிலிருந்து அந்த டாலர்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் சுமார் 1,000 காசுகளை சிட்னி நகர நகைக்கடை ஒன்று பதக்கமாக்கியது. போரில் இருந்த மாலுமிகளுக்கு ஆளுக்கொன்று கிடைத்தது. அந்தப் பதக்கம் இன்று எங்கே ஏலத்துக்கு வந்தாலும் அதன் கதையும் கூடவே வரும். எந்தக் கப்பல், எந்த நாள், யார் எடுத்தது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

நம்மூர்க் காசுகளுக்கு அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலைப் பொன்துகளுக்காகச் சலித்து அரிப்பவர்கள் உண்டு. அவர்கள் சல்லடையில் தங்கியதுதான் சேரர் காசும் ரோமானியக் காசும். 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பொறித்த, மன்னன் தலை போட்ட வெள்ளிக்காசு நமக்குத் தெரியவந்தது இப்படித்தான். 'பெருவழுதி' என்று எழுதிய பாண்டியர் செப்புக்காசை 1980-களில் வெளியுலகுக்குச் சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தி தினமலர் ஆசிரியராக இருந்தவர், காசு சேகரித்தவர். அகழாய்வுக் குழியில் நின்றவர் அல்ல. சங்ககால அரசர்கள் வெறும் புலவர் கற்பனை இல்லை என்று காட்டிய சான்றுகளில் முக்கியமான சில, இப்படிக் கைமாறிக் கைமாறி வந்தவை. அதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாததால், இந்தக் காசுகளின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அரித்தவர் ஏன் நேராக அரசிடம் போகவில்லை? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் படித்தால் புரியும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மண்ணில் கண்டெடுத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. சரி, நேர்மையாகக் கொடுத்துவிட்டோம், அரசு எடுத்துக்கொள்கிறது, என்ன கிடைக்கும்? உலோகத்தின் விலை, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. மாக்கோதையின் முகத்துக்கு ஒரு பைசா கிடையாது. வெள்ளியை எடைபோட்டு மேலே 20 சதவீதம். செப்புக்காசு என்றால் இன்றைய விலையில் ஒரு டீ வராது. வியாபாரி அதைவிடக் கூடுதலாகத் தருகிறார், போலீஸ் பேச்சும் எடுப்பதில்லை. இதில் அரித்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இங்கிலாந்தில் 1996-இல் சட்டத்தை மாற்றினார்கள். புதையலை ஒப்படைத்தால் சந்தை விலை. மறு ஆண்டே, யாரும் தான் கண்டெடுத்ததை இடத்தோடு பதிவுசெய்ய ஒரு திட்டம். 2009-இல் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் டிடெக்டர் வைத்திருந்த ஒருவர் ஆங்கிலோ-சாக்ஸன் தங்கக் குவியலைக் கண்டபோது, 32 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்பிட்டு அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பகிர்ந்தார்கள். அங்கேயும் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தோண்டும் ஆட்கள் இருக்கிறார்கள்தான். நம் ஊரில் ஆளுக்கொரு டிடெக்டர் கொடுத்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை, கீழடி பக்கம் ஒரு குழி மிஞ்சாது. ஆனால் "எங்கே எடுத்தாய்?" என்ற கேள்விக்குப் பயமில்லாமல் பதில் சொல்ல ஒரு இடமாவது வேண்டாமா?

வடசென்னையில் இப்போதைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் காயலான் கடைக்காரர் மட்டும்தான். காயல் துறைமுகத்துப் பெயரை அந்தக் கடை இன்னும் சுமக்கிறது, மார்க்கோ போலோ எழுதிய அதே காயல். அவரும் இடத்தைக் கேட்பதில்லை, எடையைத்தான் கேட்கிறார். சட்டம் கேட்பதும் அதைத்தானே.

அங்கே எடைக்குப் போட இரும்பு பொறுக்குபவர்கள் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு போவார்கள். பேட்டரி வேண்டாம், 'பீப்' சத்தம் கிடையாது. எம்டன் சிதறல் ஒன்று மிச்சமிருந்தால் அந்தக் கயிற்றில் வந்து ஒட்டும், சாயங்காலத்துக்குள் கிலோ கணக்கில் போய்விடும். செம்பும் வெள்ளியும் தங்கமும் காந்தத்தில் ஒட்டாது. அதில் ஒட்டி வருகிற காசு, நம் சட்டைப்பையில் கிடக்கிற எவர்சில்வர் ஒரு ரூபாய்தான்.