படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்

எங்க ராதாபுரம் தாலுகாவுலதான் கூடங்குளம் இருக்கு. 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டப்ப எனக்கு பத்தொன்பது வயசு. அணு உலைன்னா என்னன்னு எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. 1989-லேயே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாச்சு. மக்கள்கிட்ட கருத்து கேட்கணும்னு சட்டம் வந்தது அதுக்கு அப்புறம்தான். அதனால முதல் ரெண்டு உலைக்கு அப்படி ஒரு கூட்டமே நடக்கல.

அதே காலத்துல ராஜஸ்தான்ல வேற ஒரு கதை நடந்திருக்கு. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்னு விவசாயிகளும் கூலிக்காரங்களும் சேர்ந்த அமைப்பு. 1994 டிசம்பர்ல கோட் கிரானாங்கிற ஊர்ல ஜனங்களைக் கூட்டி, பஞ்சாயத்து வேலைக் கணக்கைச் சத்தமா வாசிச்சாங்க. யார் பேருக்கு எத்தனை நாள் கூலி எழுதியிருக்குன்னு கேட்டதும், அந்த ஆளே எந்திரிச்சு "நான் அந்த வேலைக்கே போகலையே"ன்னு சொல்ல ஆரம்பிச்சாச்சு. அங்க இருந்து வளர்ந்ததுதான் 2005-ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டி மனு போட்டா 30 நாள்ல பதில் சொல்லணும்.

அந்தச் சட்டத்தோட 4-ஆம் பிரிவைப் பலரும் படிக்கிறதில்ல. ஆவணங்களைக் கணினியில ஏத்தணும், நாடு முழுக்க வலைப்பின்னல்ல இணைக்கணும், யாரும் கேட்காமலேயே வெளியிடணும்னு அதுல இருக்கு.

2011-ல ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரையில போராட்டம் பெருசாச்சு. போராட்டக்குழு ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார் இந்தச் சட்டத்தை வச்சுத்தான் உலையோட பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டார். கிடைக்கல. மேல்முறையீட்டுல, 2012 ஏப்ரல் 30-ல மத்திய தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி உத்தரவு போட்டார்: வடிவமைப்பு ரகசியம் இருந்தா அதை மட்டும் நீக்கிட்டு மத்ததைக் கொடுங்க, இணையதளத்துலயும் போடுங்கன்னு. அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயிட்டு. 2013 ஜூலையில முதல் உலை இயங்க ஆரம்பிச்சாச்சு.

உலை வேணுமா வேண்டாமாங்கிறது தனிப் பேச்சு. எங்க வீட்டு மோட்டாரும் கரண்டுலதான் ஓடுது. ஆனா பக்கத்துல குடியிருக்கவன் தன் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு அறிக்கையைப் பார்க்க இத்தனை படி ஏறணுமா? அரசாங்கம் காட்ட நினைச்சது இணையத்துல ஒரு நொடியில வருது. நாம கேட்கிறது அவ்வளவு லேசுல வாரதில்ல.

அதுக்காக இணையம் வீண்னு சொல்ல மாட்டேன். நூறு நாள் வேலையோட வருகைப் பட்டியல் இப்ப போன்லயே வருது. போன வருஷம் ஒரு நாள் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து எங்க பக்கத்துப் பட்டியலை வாசிச்சேன். ஒரு ஆச்சி கிட்ட வந்து, "அய்யா, எனக்கு எத்தனை நாள் போட்டிருக்கு, இன்னொரு தடவ படிங்க"ன்னு கேட்டாவ. அவுக விரல் விட்டு எண்ணி வச்சிருந்ததுக்கும் பட்டியலுக்கும் ரெண்டு நாள் வித்தியாசம். மனு எழுதிக் கொடுத்தேன், திருத்தியாச்சு.

கோட் கிரானாவுல நடந்ததும் இதுதானே. பட்டியல் எங்க இருந்தாலும் அதை ஊருக்கு வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும். பட்டணத்துல படிச்சு, நல்ல இணையத்தோட இருக்கிற நீங்க, ஊருக்கு வரும்போது உங்க ஊர்ப் பட்டியலைத் திறந்து ஒரு தடவ சத்தமா வாசிச்சுட்டுப் போங்க.