இரண்டு மூக்குள்ள நட்சத்திரம்

அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். பள்ளி விடுமுறையில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அங்கேதான் ஒரு பெரிய நடிகரின் முகத்தை வெறும் மஞ்சளில் பார்த்தேன். காமாலை வந்தவர் மாதிரி இருந்தார். அதன்மேல் சிவப்பு, நீலம், கருப்பு என்று ஒவ்வொன்றாக ஏறி, நாலும் சரியாக உட்கார்ந்தால்தான் அவர் நட்சத்திரம். ரிஜிஸ்டர் கொஞ்சம் விலகினாலும் இரண்டு மூக்கு, நாலு உதடு. மெஷின் சத்தத்தில் பேசினால் கேட்காது. யாராவது அந்த ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, தன் மூக்கை இரண்டு விரலால் தொட்டுக் காட்டுவார். சிரிக்கிற வாய்கள் மட்டும் தெரியும்.

பல வருடம் கழித்து 'ஷோ பீப்பிள்' பார்த்தபோது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. 1928-ல் கிங் விடோர் எடுத்த மௌனப் படம். ஜார்ஜியாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு வரும் பெக்கி பெப்பருக்குப் பெரிய சோக நடிகை ஆகணும். கிடைப்பதோ முகத்தில் சோடா பீய்ச்சும் காமெடி வேடம். பிறகு புகழ் வருகிறது. பெயரை பாட்ரீஷியா பெப்வார் என்று மாற்றிக்கொண்டு, பழைய நண்பனையே மதிக்காதவள் ஆகிறாள்.

பெக்கியாக நடித்த மேரியன் டேவிஸின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அவருடைய துணைவர் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட். மேரியனுக்கு இயல்பாக வந்தது காமெடி; ஹெர்ஸ்டுக்கு அவரைச் சரித்திரப் படங்களில் கம்பீர நாயகியாகப் பார்க்கத்தான் ஆசை. அவருடைய பத்திரிகைகள் மேரியனைப் புகழ்ந்து தள்ளின. அதாவது, அங்கேயும் நட்சத்திரத்தைக் காகிதத்தில்தான் அச்சடித்தார்கள். படத்தில் ஒரு இடத்தில் பெக்கி நிஜ மேரியன் டேவிஸையே எதிரே பார்க்கிறாள். 'இவ்வளவுதானா' என்பதுபோல முகத்தைச் சுளிக்கிறாள்!

எங்கள் ஊருக்கு அச்சு வந்தது நட்சத்திரங்களுக்காக இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பிறகு பட்டாசுக்கும் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சு காலண்டருக்கும் சினிமா போஸ்டருக்கும் வளர்ந்தது. லட்சுமிக்கும் நடிகருக்கும் ஒரே மெஷின், ஒரே மை.

தமிழ்நாட்டின் மௌனப் படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அதனால் 'ஷோ பீப்பிளு'க்கு இங்கே ஜோடி தேடினால் நான் 1964-ல்தான் போய் நிற்கிறேன். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷின் செல்லப்பாவிடம் படம் கிடையாது, பணம் கிடையாது. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்ற பெயர் மட்டும் உண்டு. அவர் அப்பா பாலையாவிடம் திகில் கதை சொல்லும் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நாகேஷின் உடம்பும் பாலையாவின் பயந்த முகமும் போதும். அதே வருடம் 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் நட்சத்திரமாகி, அந்தப் புகழால் என்ன பயன் என்று கேட்கும் நிலைக்கும் வந்தார்.

இந்தப் படங்கள் நட்சத்திர மோகத்தை ஒழித்தனவா? இல்லை. 'ஷோ பீப்பிளி'ல் மீசையில்லாத ஒரு மனிதர் பெக்கியிடம் ஆட்டோகிராஃப் கேட்கிறார். அவள் அலட்சியமாக நகர்கிறாள். அது சாப்ளின் என்று தெரிந்ததும் மயங்கி விழுகிறாள். சினிமாவின் உள்வேலை அத்தனையும் பார்த்தவள்தான். அவளுக்கே இந்தக் கதி.

அப்பாவும் அப்படித்தான். ரிலீஸ் அன்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, அதே நடிகரின் படத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். விரல் இடுக்கில் மை அப்படியே இருக்கும். "ரெண்டு மூக்குன்னு நீங்கதானேப்பா சிரிச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது வேற, இது வேறடா."

அப்போது அது எனக்குத் தோற்ற பதிலாகத் தெரிந்தது, கோபம்கூட வந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் ஏமாறவில்லை. நாலு வண்ணத்தையும் தன் கையால் ஏற்றியவர் அவர். அந்த முகத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. போஸ்டரில் அவர் பெயர் மட்டும்தான் இல்லை.

மூக்கு விலகிய ஷீட்டெல்லாம் வேஸ்ட் பேப்பர் மூட்டைக்குப் போகும். வேஸ்ட் பேப்பர் பட்டாசுக் குழாய் சுருட்டவும் போகும். தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதத் துணுக்குகளில் ஒரு கண்ணோ மீசையோ தட்டுப்படுகிறதா என்று நான் இன்றும் குனிந்து பார்ப்பதுண்டு.