கடனிலிருந்து கைத்தொழிலுக்கு

தங்காக்கிலே, லேடாங் மலையடியில் பால்மரம் வெட்டிய நம்மவர்க்குச் சைக்கிள் உற்ற துணையாக விளங்கிற்று. அத்தொழில் தமிழகத்தில் வேரூன்றிய வரலாறு அறியத்தக்கது.

ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900-இல் பர்மாவில் லேவாதேவித் தொழில் தொடங்கினார். அது மலாயாவுக்கும் பரவிற்று. ஜப்பானியர் படையெடுக்குமுன்பே அக்குடும்பத்தார் தம் முதலைத் தாயகத்துக்கு மாற்றினர். 1949-இல் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1910-இல் பர்மிங்காமில் பிறந்த ஹெர்க்குலிஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் தமிழர் கையால் உருவாயிற்று. 1970-களில் கலிபோர்னியக் குன்றுகளில் தோன்றிய மலைச் சைக்கிளையும் அந்நிறுவனம் பின்னர்ச் செய்யலாயிற்று.

முதல் கடனாகவே சுழன்றிருப்பின் வட்டியே மிஞ்சியிருக்கும்; ஆலையாக மாறியதால் பல கைகள் தொழில் கற்றன. நம் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.